லைன் கிளியர் கேட்கும் கைப்பேசி

திண்டுக்கல் ஜங்ஷனில் மதுரை செல்லும் ரயிலில் ஏறி, ஜன்னலோரமாக உட்காருகிறீர்கள். வண்டி புறப்படுகிறது. மலைக்கோட்டைப் பாறை மெல்லப் பின்னால் நகர்கிறது. மதுரையில் இருக்கும் அத்தையைக் கைப்பேசியில் அழைத்து, "அத்தை, வண்டி கிளம்பிடுச்சு" என்கிறீர்கள். அத்தை பேச ஆரம்பித்தால் எளிதில் நிறுத்த மாட்டார் என்று வைத்துக்கொள்வோம். அம்பாத்துரை வருகிறது; இடப்புறம் சிறுமலை கூடவே ஓடி வருகிறது. கொடைக்கானல் ரோடு, வாடிப்பட்டி, சோழவந்தான், சமயநல்லூர் எல்லாம் ஒவ்வொன்றாகக் கடந்து போகின்றன. கூடல்நகர் தாண்டும்போதும் அத்தை பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.

இந்த அறுபத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில் உங்கள் கைப்பேசி எத்தனை கோபுரங்களைப் பிடித்து விட்டிருக்கும்? ஒரு கோபுரத்தின் பிடி தண்டவாளத்தில் சுமார் 2 கிலோமீட்டர் நீளும் என்று கொண்டால், முப்பது தடவைக்கு மேல் கைமாறியிருக்க வேண்டும். முப்பது முறை ஒரு கயிற்றை விட்டு இன்னொரு கயிற்றைப் பிடித்திருக்கிறது. ஒரு முறைகூட உங்களுக்குத் தெரியவில்லை. வட்டில் ஆடும் சர்க்கஸ்காரர் ஒரு கயிற்றை விட்டு மறு கயிற்றைப் பிடிக்கும் இடைவெளியில் நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். இங்கே அந்த இடைவெளியே புலப்படவில்லை. அதை இவ்வளவு சிறியதாக்கியது எப்படி என்பதுதான் நம் விஷயம்.

முதலில் ஒரு கேள்வி. இத்தனை கோபுரங்கள் எதற்கு? மலைக்கோட்டை உச்சியில் வலுவான ஒரே ஒரு கோபுரத்தை நட்டுச் சமவெளி முழுவதற்கும் ஒலிபரப்பினால் போதாதா? வானொலி நிலையங்கள் அப்படித்தானே செய்கின்றன?

செய்யலாம், ஆனால் பேச முடியாது. வானொலியில் ஒருவர் பேச எல்லோரும் கேட்கிறார்கள். தொலைபேசியிலோ ஒவ்வொரு பேச்சுக்கும் தனி அலைவழி வேண்டும். அலைவழிகள் எண்ணி எடுத்தவை. 1970-களின் நடுவில் நியூயார்க் மாநகரில் இப்படி ஒரே பெரிய கோபுரத்தை நம்பிய கார் தொலைபேசி முறை இருந்தது. அதில் ஒரே நேரத்தில் 12 பேர் மட்டுமே பேச முடிந்தது! அவ்வளவு பெரிய நகரத்தில் பன்னிரண்டே பேர்.

இதற்கான விடை 1947-லேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் ரிங் என்ற பொறியாளர் அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு குறிப்பு எழுதினார். பெரிய வட்டாரத்தைத் தேனடையின் அறைகளைப் போலச் சிறு சிறு அறைகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் வலுக்குறைந்த ஒரு கோபுரம் போதும். வலுக்குறைவாக இருப்பதே இங்கே நன்மை. திண்டுக்கல்லில் பயன்படும் அலைவழி வேடசந்தூர்வரை எட்டாது என்றால், அதே அலைவழியை வேடசந்தூரிலும் கொடுக்கலாம் அல்லவா? இந்த அறைக்குத்தான் 'செல்' என்று பெயர். உயிரியல் பாடத்தில் நீங்கள் படித்த அதே சொல்தான். செல்போன் என்ற பெயரும் இதிலிருந்து வந்தது.

அறைகள் சிறியவையானால் நிறையப் பேர் பேசலாம். ஆனால் ஓடும் வண்டியில் இருப்பவர் அறைக்கு அறை தாண்டிக்கொண்டே இருப்பாரே? அவரை எப்படிக் கைமாற்றுவது? 1947-ல் அதற்கான கருவி இல்லை. பேச்சு நடக்கும்போதே கண நேரத்தில் இணைப்பை மாற்றிக் கொடுக்கும் மின்னணு இணைப்பகமும் கணிப்பொறியும் வர வேண்டியிருந்தது. அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஏமோஸ் ஜோயல் அந்த வழியை வகுத்து 1972-ல் காப்புரிமை பெற்றார். பொறியாளர்கள் இதை 'ஹேண்டோவர்' என்கிறார்கள். நாம் கைமாற்றம் என்றே சொல்வோம்.

கைமாற்றம் என்றதும் எனக்கு நினைவு வருவது ரயில்வேயின் பழைய டோக்கன் முறைதான். உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்; கண்கள் விரியச் சொல்வார்கள். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடக் கூடாது. அதனால் இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையிலுள்ள பாதைக்கு ஒரு டோக்கன் உண்டு. அது டிரைவரின் கையில் இருந்தால்தான் அந்தப் பாதையில் வண்டி நுழையலாம். ஸ்டேஷன் மாஸ்டர் அதைத் தம் விருப்பப்படி எடுத்துக் கொடுத்துவிட முடியாது. மணியடித்து அடுத்த ஸ்டேஷனிடம் 'லைன் கிளியர்' கேட்க வேண்டும். அங்கிருந்து சம்மதம் வந்தால்தான் பெட்டியிலிருந்து டோக்கன் வெளிவரும். ஒன்று வெளியே வந்துவிட்டால் இன்னொன்று வராதபடி இரண்டு ஸ்டேஷன்களின் பெட்டிகளும் மின்சாரத்தால் பூட்டப்பட்டிருக்கும்.

நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் வண்டிக்கு என்ன செய்வார்கள்? டோக்கனைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையம் ஒன்றில் கட்டி, பிளாட்பாரத்தில் ஓர் ஆள் உயர்த்திப் பிடித்து நிற்பார். எஞ்சினிலிருந்து ஒருவர் சாய்ந்து, பழைய வளையத்தை எறிந்துவிட்டுப் புதியதைக் கைக்குள் கோத்துக்கொள்வார். முழு வேகத்தில் முடியாது; வண்டி சற்று வேகம் குறைக்கும். ஆனால் நிற்காது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வளையம் கைமாறுவது ஒரு கணம். அந்த ஒரு கணம் போதுமானதாக இருப்பதற்குக் காரணம், வண்டி வருவதற்கு வெகு முன்பே மணியடித்து, சம்மதம் வாங்கி, டோக்கனை எடுத்து, ஆள் தயாராக நிற்பதுதான். வண்டி வந்து சேர்ந்த பிறகு லைன் கிளியர் கேட்க ஆரம்பித்தால்? வண்டி நின்றுதான் ஆக வேண்டும். கைப்பேசியின் கைமாற்றத்தைத் துரிதப்படுத்திய கதையும் இதேதான். கடைசிக் கணத்தில் செய்ய வேண்டிய வேலைகளை ஒவ்வொன்றாக முன்னுக்குத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

இனிக் கொஞ்சம் கணக்கு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ரயில் ஒரு வினாடியில் சுமார் 28 மீட்டர் ஓடுகிறது. கைமாற்றத்துக்கு 5 வினாடி தாமதமானால் வண்டி 140 மீட்டர் போய்விடும். அதற்குள் பழைய கோபுரத்தின் அலை மங்கிவிட்டால் பேச்சு அறுந்துபோகும். தாமதம் அரை வினாடியானால் 14 மீட்டர். ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 50 மில்லிவினாடி என்றால், 1.4 மீட்டர்தான்.

1983-ல் அமெரிக்காவில் தொடங்கிய முதல் தலைமுறை செல்போன் முறையில், 'இவர் எல்லைக்கு வந்துவிட்டார்' என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலையாக இருந்தது. கைப்பேசியிடமிருந்து வரும் அலை மங்குவதைக் கோபுரம் கவனிக்கும். உடனே மைய இணைப்பகத்துக்குச் சொல்லும். மைய இணைப்பகம் சுற்றியுள்ள கோபுரங்களை எல்லாம், "இவருடைய அலை உங்களுக்கு எப்படிக் கேட்கிறது?" என்று விசாரிக்கும். பதில்கள் வர வேண்டும், ஒப்பிட வேண்டும். வினாடிகள் கரையும். பாவம், கைப்பேசிக்கு இதில் எதுவும் தெரியாது. வழி தெரியாத குழந்தையை நான்கு பேர் சுற்றி நின்று பார்ப்பதுபோலத்தான்.

நம் நாட்டுக்கு ஒரு வசதி. அந்தத் தலைமுறையை நாம் தாண்டிக் குதித்துவிட்டோம். 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவில் மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசித் தொடங்கி வைத்தபோதே, இரண்டாம் தலைமுறையான ஜி.எஸ்.எம். முறைதான் வந்தது. அதில் அருமையான ஒரு மாற்றம் இருந்தது. அளக்கும் வேலையைக் கைப்பேசியிடமே ஒப்படைத்துவிட்டார்கள்.

அத்தையோடு பேசிக்கொண்டிருக்கும் கைப்பேசி மற்றக் கோபுரங்களை எப்படி அளக்கும்? அதற்கு ஏது நேரம்? உண்மையில் அதற்கு ஏராளமான நேரம் இருக்கிறது! ஜி.எஸ்.எம். முறையில் ஓர் அலைவழியை எட்டுப் பேர் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒருவருடைய முறை ஒரு மில்லிவினாடியில் பாதிக்குச் சற்று அதிகம்; எட்டுப் பேரும் ஒரு சுற்று வர 4.6 மில்லிவினாடி. இதில் உங்கள் கைப்பேசி ஒரு முறை கேட்கிறது, ஒரு முறை பேசுகிறது. மீதி நேரம் சும்மா இருக்கிறது. வகுப்பில் ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே ஒரு பார்வை பார்த்துக்கொள்வீர்களே, அதுபோல ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஓய்வில் வேறொரு கோபுரத்தின் அலையை எட்டிப் பார்த்து, எவ்வளவு பலம் என்று குறித்துக்கொள்கிறது. அரை வினாடிக்கு ஒரு முறை, சரியாகச் சொன்னால் 480 மில்லிவினாடிக்கு ஒரு முறை, பலமான ஆறு அண்டைக் கோபுரங்களின் பட்டியலைத் தன் கோபுரத்துக்கு அனுப்பிவிடுகிறது. பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது; அளவையும் நடக்கிறது. எல்லை வரும்போது விசாரணை தேவையில்லை. பட்டியல் ஏற்கெனவே மேஜையில் இருக்கிறது.

அப்படியானால், பக்கத்துக் கோபுரம் ஒரு மயிரிழை பலமாகத் தெரிந்த உடனே மாறிவிட வேண்டியதுதானே? அங்கேதான் ஆபத்து. அலையின் பலம் ஒரு நிலையில் நிற்பதல்ல. கட்டடத்தில் பட்டும் பாறையில் பட்டும் திரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்தும் மோதியும் ஏறி இறங்கும். திண்டுக்கல் பஸ் நிலையத்தில் ஒருவர் இரண்டு அறைகளின் எல்லையில் நின்று பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பஸ் குறுக்கே வந்தால் இந்தக் கோபுரம் மங்கும். அது விலகினால் அந்தக் கோபுரம் மங்கும். ஒவ்வொரு தடவையும் மாறினால் பிங்பாங் பந்துபோல இங்கும் அங்கும் அலைய வேண்டியதுதான். பொறியாளர்கள் இதைப் 'பிங்பாங்' என்றே சொல்கிறார்கள்.

ஆகவே இரண்டு நிபந்தனைகள் வைத்தார்கள். புதிய கோபுரம் பழையதைவிடக் குறிப்பிட்ட அளவு பலமாக இருக்க வேண்டும். உதாரணமாக 3 டெசிபல், அதாவது இரண்டு மடங்கு. அந்த நிலை குறிப்பிட்ட நேரம் நீடிக்கவும் வேண்டும். நான்காம் தலைமுறையான 4ஜி முறையில் இந்தக் காத்திருக்கும் நேரத்தைப் பூஜ்யத்திலிருந்து 5,120 மில்லிவினாடிவரை படிப்படியாக வைத்துக்கொள்ளலாம். பஸ் நிலையத்தில் நடப்பவருக்கு 5 வினாடியில் ஏழு மீட்டர்தான் நகர்வு, கவலையில்லை. ரயிலில் இருப்பவருக்கோ அது 140 மீட்டர். ரயில் பாதையை ஒட்டிய கோபுரங்களுக்கு ஓர் அளவு, சந்தைக்கு நடுவே உள்ள கோபுரத்துக்கு ஓர் அளவு என்று அமைக்க வேண்டியிருக்கிறது. கைமாற்றத்தில் தாமதம் என்பது முழுக்க முழுக்கத் தீமை அல்ல. அதில் கொஞ்சம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. எவ்வளவு வைப்பது என்பதில்தான் திறமை இருக்கிறது.

முடிவு எடுத்தாகிவிட்டது. இனி லைன் கிளியர். 4ஜி முறையில் பழைய கோபுரமே புதிய கோபுரத்தை நேரடியாகக் கேட்கிறது: "இப்படி ஒருவர் வருகிறார், இடம் உண்டா?" புதிய கோபுரம் இடத்தை ஒதுக்கி, "இந்த அடையாளக் குறியைச் சொல்லிக்கொண்டு வரச் சொல்" என்று பதில் அனுப்புகிறது. தனிக்குறி கையில் இருப்பதால், கைப்பேசி அங்கே போய்க் கூட்டத்தோடு முண்டியடித்து இடம் கேட்க வேண்டியதில்லை. மாறும் அந்தச் சிறு பொழுதில் அத்தையின் குரல் பழைய கோபுரத்துக்கே வந்து சேர்ந்தாலும் வீணாவதில்லை. பழைய வீட்டுக்கு வந்த கடிதத்தைத் தபால்காரர் புதிய முகவரிக்கு அனுப்புவதுபோல அது புதிய கோபுரத்துக்கு அனுப்பப்படுகிறது.

பூட்டுக்குப் பெயர் போன ஊரில் சாவியைப் பற்றிச் சொல்லாமல் போகலாமா? உங்கள் பேச்சை வேறொருவர் ஒட்டுக் கேட்காதபடி அது ரகசிய எண் ஒன்றால் பூட்டப்பட்டே காற்றில் போகிறது. 4ஜி முறையில் கைமாறும்போது இந்தச் சாவியும் மாறுகிறது. முதலிலிருந்து அடையாளம் சரிபார்த்துப் புதுச் சாவி வாங்கினால் நேரமாகும். சாவியைக் காற்று வழியே அனுப்பினால் திருடன் பிடித்துக்கொள்வான். என்ன செய்வது? கைப்பேசிக்கும் பழைய கோபுரத்துக்கும் தெரிந்த இரகசியத்தோடு புதிய அறையின் எண்ணைச் சேர்த்து, இருவருமே தனித்தனியாக ஒரே கணக்கைப் போடுகிறார்கள். இருவருக்கும் ஒரே விடை. அதுதான் புதுச் சாவி. பழைய கோபுரம் தன் விடையைக் கோபுரங்களுக்கு இடையேயான தனி வழியில் அனுப்பிவிடுகிறது. கைப்பேசி புதிய வாசலுக்குப் போகும்போது இரு புறமும் சாவி தயார். மாங்காய்ப் பூட்டுச் செய்யும் ஆசாரிக்குக்கூட இந்த வித்தை பிடித்துப்போகும்.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகு, பழையதை விட்டுப் புதியதைப் பிடிக்கும் உண்மையான இடைவெளி 4ஜி முறையில் சுமார் 50 மில்லிவினாடி. நம் பேச்சு 20 மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. ஆக, இரண்டு மூன்று துண்டுகள்தான் தடுமாறும். ஒரு துண்டு வராவிட்டால் முந்திய துண்டின் ஓசையையே சற்று நீட்டி ஒலித்துக் கைப்பேசி சமாளித்துவிடுகிறது. அத்தையின் 'ஆ' கொஞ்சம் நீண்டு 'ஆஅ' ஆகலாம். யார் கண்டார்கள்!

இடைவெளியே இல்லாமல் செய்ய முடியாதா? முடியும், செய்தும் இருக்கிறார்கள். சி.டி.எம்.ஏ. என்ற முறையில் பக்கத்துப் பக்கத்து அறைகள் எல்லாம் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தின. அதனால் எல்லையில் இருக்கும் கைப்பேசி இரண்டு மூன்று கோபுரங்களோடு ஒரே நேரத்தில் இணைந்திருக்க முடிந்தது. ஒரு கையால் புதிய கயிற்றைப் பிடித்த பிறகே மறு கையை விடலாம். 2002-க்குப் பின் நம் நாட்டிலும் இந்த முறை சில ஆண்டுகள் செழித்திருந்தது. பிறகு 4ஜி வந்து அதை ஓரங்கட்டிவிட்டது. அதில் செலவு அதிகம். ஒருவருக்காக இரண்டு கோபுரங்களின் இடம் போகிறது அல்லவா?

இன்னும் ஒரு சிக்கல் தீராமல் இருந்தது. மலையோரத்தில் ஓடும் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாறைத் திருப்பத்தில் பழைய கோபுரத்தின் அலை மங்காமலே சட்டென்று மறைந்துவிடுகிறது. கைமாற்றத்துக்கான எல்லா ஏற்பாடும் தயார். ஆனால், "மாறிக்கொள்" என்ற கட்டளையைச் சுமந்து வர வேண்டியது அந்தப் பழைய அலைதான். அதுவே போய்விட்டதே! அலை நன்றாக இருக்கும்போது கட்டளை தேவைப்படவில்லை. தேவைப்படும்போது அலை இல்லை. பேச்சுகள் அறுந்து போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2020-ல் முடிவான 5ஜி விதிகளில் இதற்கு ஒரு வழி வந்தது. அலை நன்றாக இருக்கும்போதே, இரண்டு மூன்று அண்டைக் கோபுரங்களிடம் சம்மதம் வாங்கி, கட்டளையைக் கைப்பேசியிடம் முன்கூட்டியே கொடுத்து வைத்துவிடுகிறார்கள். "இதை வைத்துக்கொள். இன்ன கோபுரம் இவ்வளவு பலமானால் நீயாகவே மாறிக்கொள்; என்னைக் கேட்க வேண்டாம்." இதற்கு நிபந்தனைக் கைமாற்றம் என்று பெயர். அதே விதிகளில், மாறும்வரை பழைய இணைப்பையும் விடாமல் இரண்டையும் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. அதில் இடைவெளி ஏறத்தாழப் பூஜ்யம். விதியில் இருப்பதெல்லாம் உடனே எல்லாக் கோபுரங்களிலும் வந்துவிடுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அத்தையின் பேச்சில் ஓர் எழுத்து நீண்டால் போகட்டும், இதற்கு இவ்வளவு பாடா என்று தோன்றலாம். ஆனால் காற்றில் போவது அத்தையின் குரலாக இல்லாமல், வண்டியை ஓட்டும் அனுமதியாகவே இருந்தால்? ஐரோப்பாவில் பல ரயில் பாதைகளில் இன்று அப்படித்தான் நடக்கிறது. "இன்ன இடம்வரை போகலாம்" என்ற அனுமதி ரேடியோ வழியாக எஞ்சினுக்கு வருகிறது. பழைய டோக்கன்தான், வளையம் மட்டும் இல்லை. குறித்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் வண்டிக்குத் தானாகப் பிரேக் விழும்படி அமைத்திருக்கிறார்கள். கைமாற்றம் சொதப்பினால் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வண்டி நடுவழியில் நிற்கும். அதனால் ஒரு கட்டுப்பாட்டு மையத்திலிருந்து அடுத்ததற்கு மாறும்போது பயன்பட, எஞ்சினில் இரண்டு ரேடியோக்கள் வைக்கிறார்கள். ஒன்று பழையதைப் பிடித்திருக்கும்போதே மற்றொன்று புதியதை அழைத்துவிடும்.

நம் ரயில்வே 2020-ல் தேசிய முறையாக ஏற்றுக்கொண்ட 'கவச்' என்ற பாதுகாப்புக் கருவியும் எஞ்சினுக்கும் ஸ்டேஷனுக்கும் இடையே ரேடியோவில் பேசுவதுதான். 4ஜி வகை ரேடியோ வசதிக்காக 2021 ஜூனில் மத்திய அரசு ரயில்வேக்கு 700 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் 5 மெகாஹெர்ட்ஸ் அகலம் ஒதுக்கியது. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 44 மீட்டர் பறக்கும். அங்கே 5 வினாடித் தாமதம் என்றால் 220 மீட்டர்.

அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். கைப்பேசி எந்த அறையில் இருக்கிறது என்று எண்ணைக் காட்டும் இலவசச் செயலிகள் ஆண்ட்ராய்டு போன்களில் கிடைக்கின்றன. பெரியவர்களின் அனுமதியோடு ஒன்றைப் போட்டுக்கொண்டு, அந்த எண் மாறும் ஒவ்வொரு முறையும் நேரத்தையும் இடத்தையும் நோட்டில் குறியுங்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே குறிக்க வேண்டும். சும்மா இருக்கும் கைப்பேசி யாரையும் கேட்காமல் தானாகவே கோபுரத்தைத் தேர்ந்துகொள்ளும்; அது கைமாற்றம் ஆகாது. இன்னொரு நாள் வேடசந்தூர்ச் சமவெளியில் பஸ்ஸில் போகும்போதும், சிறுமலை அடிவாரமாக நத்தம் போகும்போதும் இதையே செய்யுங்கள். மூன்று பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேச்சு அறுந்த இடம் எதுவும் இருந்தால், அதற்கு முன் எண் எத்தனை தடவை மாறியது என்று பாருங்கள்.